வெர்னா தொடாத கணக்கு

வெர்னா பல வருடங்களாக மாத்திரைக்குக்கூட கைக்காசையே கொடுத்துவந்தாள். மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் பணம் சேர்க்கும் சேமிப்புக் கணக்கைத் தொட்டதில்லை. அமெரிக்காவின் டலூத் நகரக் கிடங்கில் கூட வேலைபார்த்த ஓடெல் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது.

மாதத் தவணை குறைந்த காப்பீட்டை எடுக்க அந்த நாளில் அவளுக்குப் பயம். வருடத்தின் முதல் நான்காயிரம் டாலர் செலவை அவளே ஏற்ற பிறகுதான் அது கைகொடுக்கும்.

"தவணையில மிச்சமாகுறத மருத்துவக் கணக்குல போடு. பெரிய செலவு வர்ற வரைக்கும் தொடாத. பிங்கோ சூதாடித் தொலைக்காத," என்றான் ஓடெல்.

"நீ என்ன என் புருஷனா?"

"புருஷன் பேச்ச நீ எப்பக் கேட்ட? என் பேச்சையாவது கேளு. கூலியா ஒரு ஆப்பிள் கேக் போதும்."

இந்தக் குளிர்காலத்தில் அவளுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். நான்காயிரத்தையும் கணக்கே கட்டியது. வீட்டுக் கடன் தவணை தவறவில்லை. படுக்கையில் கிடந்தபடி ஓடெலை வாயார வாழ்த்தினாள்.

அவன் ஓய்வுபெற்று அரிசோனாவுக்குப் போய்விட்டான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அவள் தள்ளிப்போட்ட கேக் இன்னும் பாக்கி.