இந்திராணி கலந்து நட்ட நெல்

“இன்னாம்மா, நெல்லு நட்டுக்கினு கீறியா, கதம்பம் கட்டிக்கினு கீறியா?” பக்கத்து வயல் பாலசுந்தரம் வரப்பில் நின்று கேட்டார்.

“கண்ணு இருந்தா பாத்துக்கோண்ணா,” என்றாள் இந்திராணி, நாற்றுமுடியை அவிழ்த்தபடி.

“கலப்பு நெல்ல எந்த மில்லுக்காரன் வாங்குவான்?”

“போன வருசம் கலக்காமதான் நட்டேன். பதரை வாங்க எவன் வந்தான்?”

எந்த வயலில் என்ன பயிர் என்று அரசுக்குப் பதிவதற்காகப் பாகாலா பக்கத்து ஊர்களைச் சுற்றும் உதயா, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைப் பார்த்தாள். அதிகம் பேசாத பெண்.

போன வருசம் துங்ரோ வைரஸ் இந்திராணியின் ஒன்றரை ஏக்கரையும் குட்டையாக்கி மஞ்சளடித்துவிட்டது. பச்சைத் தத்துப்பூச்சி ஒரு தூரில் உறிஞ்சி, அடுத்த தூரில் சேர்க்கும் நோய். இந்த வருசமும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பதியில் ஏதாவது ஓட்டலில் பாத்திரம் கழுவ வேண்டியதுதான். அதற்கு அவள் தயாராக இல்லை. சன்ன ரக விதையோடு, நோய் தாங்கும் ரகத்தையும் கலந்து நாற்றுவிட்டாள். பூச்சி தூருக்குத் தூர் தாவும் வழியில் அது குறுக்கே நிற்கும் என்பது அவள் கணக்கு. இரண்டும் ஒரே சமயத்தில் அறுப்புக்கு வருபவை. தாங்கும் ரகத்துக்கு மட்டும் அடித்தண்டு ஊதா.

களையெடுப்பில்தான் வினை வந்தது. டீ வாங்கப் போன இந்திராணி திரும்பி வந்தபோது, வரப்பில் ஊதாத் தண்டுகள் குவிந்து கிடந்தன.

“கலவன்மா. நீ சொல்லாமலே எடுத்துட்டேன்,” என்றாள் களையெடுக்க வந்த ரத்தினம்மா பெருமையாக. முப்பது வருசப் பழக்கம். நிறம் மாறிய பயிரைக் கண்டால் பிடுங்காமல் கை நிற்காது.

“அடிப்பாவி! வீட்டுக் காவக்காரனையே கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிட்டியே!”

தூக்குவாளியை வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். பிடுங்கிய ஒவ்வொன்றையும் அதே குழியில் ஊன்றினாள். ரத்தினம்மாவும் ஊன்றிக்கொண்டே பின்னால் வந்தாள். போட்டோ எடுக்க வந்த உதயா, சுடிதாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கினாள்.

“புடுங்கினது பொழைக்காது,” என்றார் பாலசுந்தரம்.

“அறுப்புக்கு வந்து சொல்லு.”

பாதிதான் பிழைத்தது. மஞ்சள் முதலில் பாலசுந்தரம் வயலில் ஏறியது, பிறகு இவள் வயலுக்கும் வந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில தூர்களைக் கெடுத்ததோடு நின்றது. அறுப்பு முடிந்ததும், கலப்பென்று மில்லுக்காரன் மூட்டையைத் திருப்பி அனுப்பினான். அவள் புழுக்கி, அரைத்து, சந்திரகிரி சாலையோரம் அரிசியாகவே விற்றாள்.

அறுப்புக்கு முன்பே, பதிவுக்குக் கடைசி நாளன்று, உதயா தயங்கினாள். போனில் ரகத்தின் பெயருக்கு ஒரே கட்டம். எதையாவது ஒன்றைச் சொல்லச் சொன்னாள்.

இந்திராணி கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“ரெண்டு பேரும்தான் என் வயல்ல நிக்கிறாங்க. ரெண்டையும் எழுதும்மா. எடம் பத்தலன்னா என் பேரைச் சுருக்கிக்கோ.”