மூணு இழுப்பும் ஒரு கடவுச்சொல்லும்

என் வீட்டுக்காரருக்கு அவருடைய அலுவலகத்தில் ‘மூணு இழுப்பு’ என்று பெயர். பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் அவர் எந்த இடத்தை விட்டும் நகர்ந்ததில்லை. நீதிமன்றத்தில் தட்டச்சர். அண்ணன் கையெழுத்தைத் தம்பி போட்டது, செத்தவர் பெயரில் ஆள் வந்து நின்றது என்று இருபத்தாறு வருடமாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்டிக்கொண்டிருப்பவர். அப்படிப்பட்டவர் உலகத்தை நம்பவில்லை என்றால் அதில் தப்புச் சொல்ல முடியாது. அந்த உலகத்தில் என்னையும் சேர்த்துவிடுகிறாரே என்பதுதான் என் வருத்தம்.

சந்தேகப்படுவது எனக்கும் தொழில்தான். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பெயர்ச்சீட்டு இல்லாத குழாயைக் கையால் தொடமாட்டேன். ஆனால் வேலை முடிந்ததும் கையுறையோடு சேர்த்து அதையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். இவர் கழற்றுவதில்லை. தூங்கும்போதும் போட்டுக்கொண்டேதான் தூங்குகிறார்.

எங்கள் கணினி முன்னறையின் மூலையில் இருக்கிறது. ஜன்னல் வழியாக யார் எட்டிப் பார்த்தாலும் திரை தெரியாதபடி அவரே அளந்து வைத்த மூலை. கேமராக் கண்ணில் பிளாஸ்திரி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் தம்பி வந்து அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். படங்களுக்கென்று உள்ளே தனியாக இன்னொரு ஹார்ட் டிஸ்க் வட்டும் வைத்து, அதற்குக் கடவுச்சொல் போடச் சொன்னான். “யாருக்கும் தெரியக் கூடாது மாமா” என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, எங்கள் இருவரையும் அறையை விட்டு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த வட்டில் இருப்பது எங்கள் மகள். இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள், இருபத்திரண்டு வயது. அவள் பிறந்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் முடித்த நாள் வரை எடுத்த அத்தனை படமும் அதில்தான் இருக்கிறது. ஒன்றைக்கூடக் காகிதத்தில் போட்டதில்லை. கேட்டால், “ஸ்டூடியோக்காரன் ஒரு காப்பி வெச்சுக்குவான்” என்பார். சரி, வேறொரு வட்டிலாவது நகல் எடுத்து வைக்கலாம் என்றால், “இன்னொரு காப்பின்னா இன்னொரு திருடனுக்கு வாசல் திறக்கறது.” இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்ததில், எங்கள் பெண்ணின் சின்ன வயது மொத்தமும் ஒரே ஒரு பெட்டிக்குள் போய் அடைந்துகொண்டது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லினக்ஸின் புதிய பதிப்பு வந்து இறங்கியது. சமையலறையில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வா. இதப் படி.”

படித்தேன். உங்கள் கணினி எப்படி இயங்குகிறது என்ற விவரத்தை எங்களுக்கு அனுப்பி உதவுங்கள் என்று பணிவாகத்தான் கேட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் டிக்.

“வேணாம்னா டிக்க எடுத்துடுங்க. அவ்வளவுதானே.”

“எடுக்கறது இருக்கட்டும். போட்டது யாரு? நான் போடல. நீ போட்டியா?”

“நான் எதுக்குப் போடறேன்?”

“அப்ப அவனே போட்டிருக்கான். என் வீட்டுக்குள்ள வந்து, எனக்குப் பதிலா தலையாட்டிட்டு, வேணாம்னா சொல்லுங்கன்னு நிக்கறான். கோர்ட்ல இதுக்கு என்ன பேர் தெரியுமா?”

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை, அடுப்பில் பால் இருந்தது. அன்றைக்கே அந்த லினக்ஸை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறுவது என்று முடிவு கட்டிவிட்டார்.

தம்பியை வரவழைத்தார். அவன் பாவம், சமாதானம்தான் சொன்னான். “மாமா, இதெல்லாம் திறந்த மூலம். நிரல் முழுக்க வெளியில கிடக்கு. யார் வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாம்.”

“நீ படிச்சியா?”

“நான் எங்க மாமா...”

“படிச்சவன் யாரையாவது உனக்குத் தெரியுமா?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

“எல்லாரும் பாக்கலாம்னு ஒரு பொருள வெளியில வெச்சா, யாரும் பாக்கமாட்டாங்க. எங்க ஆபீஸ் நோட்டீஸ் போர்டு மாதிரி.”

அடுத்த மூன்று மாதம் அவர் செய்த விசாரணையை எந்த நீதிபதியும் செய்திருக்கமாட்டார். ஒரு கோடு போட்ட நோட்டு. பக்கத்துக்கு ஒரு இயங்குதளம். யார் செய்கிறார்கள், எத்தனை பேர், யார் பாதியில் விலகிப் போனார்கள், ஏன் போனார்கள். எல்லோரும் ஒரே குரலில் புகழ்ந்த ஒன்றைப் பார்த்ததும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது, பக்கத்தையே கிழித்துப் போட்டார். கடைசியில் தேர்ந்தெடுத்தது, செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் இணையத்தில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ளும் ஒரு குழுவின் லினக்ஸ். “சண்ட வெளியில நடக்குது பாத்தியா? அப்ப உள்ள மறைக்க ஒண்ணுமில்ல” என்றார். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் தெருவில் மிகவும் நம்பத்தகுந்த குடும்பம் எங்கள் குடும்பம்தான்.

தம்பி அதை ஒரு குச்சியில் ஏற்றிக் கொண்டுவந்தான். பென் டிரைவை எங்கள் வீட்டில் குச்சி என்றுதான் சொல்வோம். கோப்பு வழியில் யாராலும் மாற்றப்படவில்லை என்று காட்ட அதற்கு ஒரு அடையாள எண் உண்டாம். அறுபத்து நான்கு எழுத்துகள். ஒரு நொடியில் கணினியே ஒப்பிட்டுச் சொல்லிவிடும் என்றான் தம்பி. “அது சொல்றத அதுகிட்டயே கேட்டா எப்படி?” என்று இவர் அதைக் காகிதத்தில் எழுதினார். நீதிமன்றத்தில் ஒரு நகலைத் தட்டி முடித்தால் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் நகலில் எழுத்துக்கு எழுத்து சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போவார்களாம். அந்த முறைப்படி நான் திரையைப் பார்த்துப் படித்தேன், அவர் புள்ளி வைத்தார். இரண்டு தடவை. மூன்றாவது தடவை பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னார். மூணு இழுப்பு இதிலும் தப்பவில்லை.

பழையதை அழித்துப் புதியதைப் போட்டார்கள். படங்கள் இருந்த வட்டைத் தொடவே இல்லை. எந்த விசைப்பலகை வேண்டும் என்று அது கேட்டபோது, தம்பி விரல் வைப்பதற்குள் இவரே தமிழ்த் தட்டச்சு என்று தேர்ந்தெடுத்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு. பிறகு மகளின் படங்களைப் பார்க்கலாம் என்று அந்த வட்டைத் திறந்தார். கடவுச்சொல் கேட்டது.

நாங்கள் இருவரும் பழக்கப்படி திரும்பி நின்றுகொண்டோம். தட்டும் சத்தம் கேட்டது, மழை மாதிரி கடகடவென்று. அவர் விசைகளைப் பார்த்துத் தட்டுவதில்லை. தவறு என்று வந்தது. இன்னொரு தடவை தட்டினார். தவறு. மூன்றாவது தடவை ஒவ்வொரு விசையாக, நிறுத்தி நிறுத்தித் தட்டினார். தவறு.

மகளின் சின்ன வயது மொத்தமும் உள்ளே இருக்கிறது.

அவர் முதலில் தம்பியைப் பார்த்தார். “உன் குச்சிலதான் என்னமோ இருக்கு.”

“மாமா, நீங்களே மூணு தடவ ஒப்புப் பாத்தீங்க.”

“குச்சில இல்லன்னா கையில இருக்கு.”

தம்பிக்கு முகம் சுண்டிப்போனது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்து இவர் என் பக்கம் திரும்பினார். “நான் இல்லாதப்ப நீ எதாவது தொட்டியா?”

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பாதிப் பெயர் அழிந்த ரத்தக் குழாயை நான் அப்படித்தான் பார்ப்பேன். மகளைப் பெற்றவள் நான். அந்தப் படங்கள் தொலைந்தால் எனக்கு வலிக்காதா? கத்தியிருப்பேன். ஆனால் கத்தினால் வட்டு திறக்காது என்பது தெரிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் கூடத்தில் ஒரே ரத்தம் இரண்டு எந்திரத்தில் இரண்டு விதமாகப் பேசினால், ரத்தத்தைக் குறை சொல்லமாட்டோம். எந்திரத்தை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்போம்.

“கடவுச்சொல்லு கேக்கற இடத்துல வெறும் புள்ளிதான் தெரியும். ஒரு வெள்ளப் பக்கத்தத் திறந்து அதுல தட்டுங்க. என்ன விழுதுன்னு கண்ணால பாத்துடலாம்.”

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். “நீ இருக்கியே.”

“இருபத்தஞ்சு வருஷமா இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். ஊறவைத்திருந்த துணியை எடுத்து அடித்துத் துவைத்தேன். எல்லாம் அவருடைய சட்டைகள்.

நான்காவது சட்டையை அலசும்போது கதவருகில் வந்து நின்றார். “வா. தனியாப் பாக்க பயமா இருக்கு.”

ஈரக் கையோடு போய் அவர் பின்னால் நின்றேன். அவர் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டுத் தட்டினார். வெள்ளைப் பக்கத்தில் பிசகில்லாமல் ஒரு வரி விழுந்தது.

யாரிடமும் சொல்லாதே, அவளிடமும்.

பதினோரு வருடம், தினமும் காலையில் நான் இந்த மனிதருக்குக் காபி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தக் காபி ஆறுவதற்குள் அவர் தட்டிய வரி இது. ‘யாரிடமும்’ என்பதிலேயே நானும் அடக்கம்தானே. என்னைத் தனியாக வெளியே எடுத்து, ஒரு காற்புள்ளி வைத்துச் சேர்த்திருக்கிறார்.

“எதுக்கு நான் தனியா?”

அவர் திரையை விட்டுத் திரும்பவில்லை. “மத்தவங்க கேட்டா நான் சொல்லமாட்டேன். அவங்களுக்கு எச்சரிக்க தேவையில்ல. நீ கேட்டா சொல்லிடுவேன். அதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இருபத்தாறு வருடம் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டியவருக்கு எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் எடுபடும் என்று தெரியாமலா இருக்கும்?

வேலையைப் பார்த்தேன். “பழைய லினக்ஸ்ல இத எப்பக் கேக்கும்?”

“கம்ப்யூட்டரப் போட்டதுமே. முதல்ல அதத்தான் கேக்கும்.”

“அப்ப அதுக்குத் தமிழ் வந்திருக்குமா?”

அவர் விரல்கள் அப்படியே நின்றன. பழைய லினக்ஸ் கண் விழிக்கும்போது ஆங்கிலத்தில்தான் இருக்கும். இவர் தமிழ் என்று நினைத்துக்கொண்டு பதினோரு வருடமாக ஆங்கில எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். புள்ளிகளுக்குப் பின்னால் விழுந்தது என்ன என்று அவருக்கே தெரியாது. புதிய லினக்ஸோ அவர் கேட்டபடியே தமிழிலேயே விழித்திருக்கிறது. விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, அதே வரியை அதே விரல்களால் தட்டச் சொன்னேன். வாயில் நுழையாத ஏதோ எழுத்துக் குப்பை விழுந்தது. ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு கடவுச்சொல் பெட்டியில் தட்டினார். வட்டு திறந்துகொண்டது.

முதலில் கண்ணில் பட்ட படத்தில் மகளுக்கு ஆறு வயது. முன்பற்கள் இல்லை. பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்திலும் எங்கள் வாசல் பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள், அப்பாவைப் போலவே. நான் அழுதேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தம்பிக்குப் போன் போட்டு, “குச்சில ஒண்ணும் இல்ல” என்றார். அவர் அகராதியில் அது மன்னிப்பு. அடுத்த வாரம் தம்பி வந்து இரண்டு நகல் எடுத்தான். ஒன்று அவன் வீட்டில் இருக்கிறது. இவர் தடுக்கவில்லை.

பழைய கடவுச்சொல்லை மாற்ற வேண்டியிருந்தது, அதை நான் பார்த்துவிட்டேனே. நாற்காலியை விட்டு எழுந்தார்.

“நீ போடு” என்றார். நான் கேட்காமலே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

போட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் வட்டைத் திறக்க என்னைத்தான் கூப்பிடுகிறார். கேட்டால் அந்த நிமிடமே சொல்லிவிடுவேன். ஒரு வருடமாகிறது, கேட்கவில்லை. என்னை நம்பிவிட்டதால் கேட்கவில்லையா, கேட்டாலும் சொல்லமாட்டேன் என்ற சந்தேகத்தில் கேட்கவில்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு நாளும் தட்டுவதற்கு முன்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். அவர் சுவரைப் பார்த்தபடிதான் நிற்கிறார்.