சொல்லாமல் விட்ட பாதி

இரண்டு வருடத்துக்கு முன், சிட்னியில் பிளாக்டவுனுக்குக் குடிவந்த புதிதில் நடந்தது இது. ஐம்பது வயதில் ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வரமாட்டார். "நீர் படிச்சா எனக்கும் சேர்த்துத்தானே" என்பார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அந்தக் கிழமை வகுப்பில் 'இஃப்' வைத்து வாக்கியம் அமைத்தோம். மழை பெய்தால் குடை எடுப்பேன், பஸ் பிந்தினால் நடப்பேன். அதெல்லாம் சுகமாகப் பிடிபட்டது. நடக்காமல் போனதைச் சொல்லவும் ஒரு வகை இருக்கிறது, 'அப்படிச் செய்திருந்தால்' என்று வரும், அதை அடுத்துப் படிப்போம் என்றார் ஆசிரியை. முடிந்துபோனதற்கு எதற்கு ஒரு வாக்கியம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு நாள் கழித்து இவருடைய வலது கை பத்து நிமிடம் விறைத்துப்போய், தானாகவே சரியானது. பரமட்டாப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் எடுக்கவா என்று டொக்டர் கேட்டார். எங்கள் ஆட்கள் இங்கே கொஞ்சப் பேர். தெரிந்த குரலாக இருந்துவிட்டால் வீட்டுக் கதை கோயில் வரைக்கும் போகும். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

டொக்டர் இரண்டு 'இஃப்' சொன்னார். குளிசையை ஒழுங்காகப் போட்டால் ஆபத்துக் குறையும். திரும்பவும் கை விறைத்தாலோ வாய் கோணினாலோ உடனே மூன்று சைபர் அழுத்தி அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இரண்டும் எனக்கு வடிவாக விளங்கின.

"என்னவாம்?" என்று கேட்டார் இவர்.

"குளிசையை ஒழுங்காப் போட்டாப் பயமில்லையாம்."

மற்றதை நான் சொல்லவில்லை. உங்கள் வாய் கோணும் என்று கட்டின புருஷனிடம் எப்படிச் சொல்வது? கெட்டதை வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று பயந்தே வளர்ந்தவள் நான். பக்கத்தில்தானே இருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புத்தி கெட்ட விசரி.

பத்தாம் நாள் நான் வகுப்பில் இருந்தபோது கை திரும்பவும் விறைத்திருக்கிறது. போன முறை போல இதுவும் விட்டுவிடும் என்று, போன் பக்கத்தில் இருக்க, கதிரையில் இருந்தபடி என் வரவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மத்தியானம் நான் வந்து கதவைத் திறந்தபோது வாய் கோணியிருந்தது.

உயிர் தப்பினார். வலப்பக்கம் அசையவில்லை, வழங்கவில்லை. பேச்சு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒருநாள் சோறு தீத்திக்கொண்டிருந்தபோது மனம் தாங்காமல், அன்றைக்கு மறைத்ததை எல்லாம் சொல்லி அழுதேன். ஏசுவார் என்று பார்த்தேன். மென்றதை விழுங்கிவிட்டு, இழுத்து இழுத்து, "சொல்லி... இருக்கலாம்" என்றார். பிறகு அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார்.

இப்போது எந்த டொக்டரிடம் போனாலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குகிறேன். நல்லதோ கெட்டதோ, அவர் காதிலேயே விழட்டும். அன்று நான் சிரித்த அந்த வாக்கியத்தோடுதான் ஒவ்வொரு நாளும் எழும்புகிறேன்: நான் சொல்லியிருந்தால், மூன்று சைபர் அழுத்த அவருக்கு என் ஆங்கிலம் தேவைப்பட்டிருக்காது.