பனியில் தடம் பார்த்த பாலைவனத்துக்காரர்

இந்த வருடத்தின் முதல் பனி இன்று காலை விழுந்தது. இந்தக் கிழமை நடைபாதையில் பனி அள்ளுவது எங்கள் வீட்டின் முறை. நீளப்பிடிச் சவளை எடுத்துக்கொண்டு கீழே போன நான், அள்ளாமல் வாசலிலேயே நின்றேன். கீழ்வீட்டுக் குடும்பம் வடக்கே வேறு நகரத்துக்கு மாறிப் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. அப்பா கண்மூடி ஒன்று. இருந்தும் குனிந்து பார்த்தேன். பார்க்காமல் அள்ள எனக்கு இப்போது ஏலாது.

எங்கள் கட்டடம் பிராங்பேர்ட்டுக்கு வெளியே, எஸ்-பான் ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறது. கீழ்வீட்டுக்கு வந்தவர் தார்ப் பாலைவனத்துக்காரர். பாகிஸ்தானில் சிந்துப் பக்கம். அவர் மனைவி மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெள்ளை வளையல் போட்டிருப்பார். எங்களுக்குள் பொது மொழி அரைகுறை ஜெர்மன். 'அக்கா' என்ற ஒரு சொல்லை மட்டும் அந்த மனுசன் என்னிடம் கற்றுக்கொண்டார். அவர் பேசியதை நான் எங்கள் பேச்சில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

கம்பு ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் மோரும் தந்துவிட்டு ஊர்க்கதை தொடங்குவார். வட்டமான மண்குடிசை, மேலே புல்லுக்கூரை. கிணற்றில் வாளி கீழே போய்ச் சேரவே நேரமெடுக்குமாம். கயிற்றை ஒட்டகம்தான் தூர நடந்து இழுத்துக்கொண்டு போகுமாம். குளிப்பது கயிற்றுக் கட்டிலில் குந்தியிருந்துதானாம். கீழே வடிகிற தண்ணீரைப் பிடித்து ஆட்டுக்கு வைப்பார்களாம். பின்னேரம் முற்றத்து மணலைக் கூட்டிவிட்டால், இரவு யார் வந்தது, எந்தப் பாம்பு போனது எல்லாம் விடிய மணலில் இருக்குமாம். அவிழ்த்துவிட்ட ஒட்டகத்தை மாதக்கணக்கு கழித்துத் தடம் பார்த்தே பிடித்து வருவார்களாம்.

கேட்க நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் பனி விழுந்ததும் வந்ததே வினை! ஆட்கள் வேலைக்குப் போக முன்னம் அள்ளி முடிக்க வேண்டும். இந்த மனுசன் சவளைச் சுவரில் சாத்திவிட்டு, பாதையில் குந்தியிருந்து தடம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காலை வேலைக்கு இறங்கிய நான் வாசலிலேயே சறுக்கி விழப் பார்த்தேன்.

"என்ன கோதாரிக்குத் தம்பி உந்தத் தடத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறீங்கள்? அள்ளுங்கோ!"

"பாருங்கோ அக்கா, இது உங்கட அப்பா நேற்றுக் குப்பை போட வந்தது. இடதுகால் வெளிப்பக்கம் திரும்புது. செருப்பில குதிப்பக்கம் தேய்ஞ்சு போச்சு."

"அப்பான்ர செருப்பை நான் பாக்கிறன். நீங்கள் பனியைப் பாருங்கோ!"

எனக்குக் கோபம் வந்தால் அறிவு வாசலோடு நின்றுவிடும். அன்று பின்னேரமே கட்டட நிர்வாகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதி, மூலையில் இருக்கிற மஞ்சள் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அவருக்கு ஜெர்மன் வாசிக்க வராது, வருகிற கடிதம் எல்லாம் என்னிடம்தான் கொண்டு வருவார் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அடுத்த கிழமை என் முறை. ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி, ஒரு பொட்டுப் பனி இல்லாமல் அள்ளி உப்பும் தூவினேன். எப்படி அள்ள வேண்டும் என்று கீழ்வீட்டுக்காரர் பார்க்கட்டும் என்ற பெருமை வேறு. மேலே வந்து தேத்தண்ணீரோடு அப்பாவின் அறைக்குள் போனால், கட்டில் வெறுமையாய்க் கிடந்தது.

அப்பாவுக்கு மறதி நோய். என்னையே சில நாள் யாரென்று கேட்பார். மேற்சட்டை கொளுவியில் தொங்கியது, செருப்பு மட்டும் இல்லை. பொலிசுக்கு ஃபோன் எடுத்தேன், வருகிறோம் என்றார்கள். கீழே ஓடிப்போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் வெறுங்காலைச் சப்பாத்துக்குள் நுழைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நான் வழித்துத் துடைத்த நடைபாதையைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"அய்யோ அக்கா, எல்லாத்தையும் அள்ளிப்போட்டீங்களே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பாவின் தடத்தை என் கையாலேயே அள்ளி ஓரத்தில் குவித்திருக்கிறேன். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதேன்.

அவர் அழ நேரம் தரவில்லை. நான் அள்ளிய பாதை முடிகிற இடத்துக்குப் போய்க் குனிந்தார். நிலையத்துக்குப் போனவர்களின் தடங்கள், ஒரு நாயின் தடம், சைக்கிள் சில்லின் கோடு. கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "இந்தா" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இடதுகால் வெளிய போகுது. குதிப்பக்கம் அழுத்தமில்லை. வாங்கோ."

பேக்கரியைத் தாண்டி, பஸ் தரிப்பிடத்துக்குப் போனோம். "இதில கனநேரம் நிண்டிருக்கிறார். ஆரையோ பாத்துக்கொண்டு." நான் தினமும் வேலை முடிந்து வந்து இறங்குகிற தரிப்பிடம் அது. அங்கிருந்து தடம், ஆட்கள் வாடகைக்கு எடுத்து மரக்கறி போடுகிற தோட்டங்களுக்குள் திரும்பியது. "கால் இழுபடுது, களைச்சுப் போனார். கிட்டத்தான்." அவர் ஓடினார், நான் பின்னால் ஓடினேன்.

ஒரு தோட்டக் கொட்டிலின் படியில் அப்பா இருந்தார். உதடு நீலம். என்னைக் கண்டதும், "ஏன் பிள்ளை இவ்வளவு நேரம்?" என்றார். அவ்வளவுதான். கீழ்வீட்டுக்காரர் தன் சட்டையைக் கழற்றி அப்பாவுக்குப் போர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் அவர் மனைவி பழைய துணித் துண்டுகளை ஒட்டித் தைத்த தங்கள் ஊர்ப் போர்வையைக் கொண்டுவந்து அப்பாவைச் சுற்றிவிட்டார். பிந்தி வந்த பொலிசை அனுப்பிவிட்டு, மேலே கட்டிலில் படுத்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே அன்று முழுக்க இருந்தேன்.

இரண்டு நாளில் கீழ்வீட்டுக்காரர் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். "அக்கா, இது என்னெண்டு ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ."

நிர்வாகத்தின் எச்சரிக்கைக் கடிதம். என் முறைப்பாட்டின் சொற்களே அதில் திரும்ப வந்திருந்தன. பேர் மட்டும் இல்லை. பொய் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் உள்ளே அப்பா அந்தப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பனி அள்ளேல்லை எண்டு ஆரோ எழுதியிருக்கினம். ஆரோ இல்லை, நான்தான்."

அவர் கடிதத்தை வாங்கி நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"ஓம் அக்கா, தெரியும். அண்டைக்கு உங்கட தடம் மஞ்சள் பெட்டி மட்டும் போய்த் திரும்பியிருந்தது. குதிக்கால் நல்ல ஆழம். சரியான கோபம் போல."

"தெரிஞ்சுகொண்டே அப்பாவைத் தேட வந்தனீங்கள்?"

"அவற்ற தடமும் எனக்குத் தெரியும்தானே" என்றார்.