கடலை யார் இறைத்தது?

காலை ஏழு ஐம்பது. விடுதியின் மூன்றாவது மாடி ஜன்னலில் திரையை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது கடல் இல்லாத ஒரு கடற்கரை. முந்தின நாள் மாலை நாங்கள் வந்து இறங்கியபோது சாலையோரச் சுவரில் அறைந்துகொண்டிருந்த தண்ணீரைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் ஈரச் சேறு. இரண்டு படகுகள் ஒருக்களித்துக் கிடந்தன. வெகு தொலைவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதுதான் கடலாக இருக்க வேண்டும்.

பக்கத்தில் வந்து நின்ற அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏலே தம்பி, கடல எறச்சுப்புட்டாகளா?"

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நவம்பர் மாதம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். பெயர் வேண்டாம், அங்கிருந்தவர்கள் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

நான் திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கிறேன். நீண்ட காலம் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். அக்காவுக்குச் சாணார்பட்டி பக்கம் மல்லிகைத் தோட்டம். கணவர் இல்லை. ஒரே மகன், சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை ஃபிட்டர். கப்பல் அந்தத் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் ஆட்களை எண்ணியபோது அவன் மட்டும் இல்லை. மீட்புப் படகுகளும் ஹெலிகாப்டரும் இரண்டு நாள் தேடின. கிடைக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, வீட்டிலிருந்து இருவர் வந்து அவனுடைய பெட்டியை வாங்கிக்கொள்ளலாம் என்று கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்தது. அக்கா கிளம்பிவிட்டாள். பேச ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

பெட்டிக்காக அவள் வரவில்லை. மகன் இறந்துவிட்டான் என்று அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. "கெணத்துலயே கெடந்து வளந்த பய. நீச்ச தெரிஞ்சவன் எங்கிட்டாவது கரையேறியிருப்பான். ஒடம்பப் பாக்காம காரியமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்று பங்காளிகளிடம் சொல்லிவிட்டாள்.

இதில் மாட்டிக்கொண்டு நின்றது அவளுடைய மருமகள். கையில் இரண்டு வயதுக் குழந்தை. திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலையில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்காவே தோட்டத்துப் பூவைத் தொடுத்து அவள் தலையில் வைத்துவிடுவாள். வைக்காவிட்டால் சண்டை. வைத்துக்கொண்டு ஏறினால் பஸ்ஸில் பேச்சு. "புருசன் போயி ரெண்டு மாசமாச்சு, பூவப் பாருடி" என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்களாம். நாங்கள் கிளம்பிய அன்று அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, இருக்காகன்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி. ரெண்டுல ஒண்ண அத்த வாயால சொல்ல வச்சுக் கூட்டியாங்க. இப்படி நடுவுல நிக்க ஏலல."

ஜன்னல் ஓரத்தில் அக்கா கேட்ட கேள்வியில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் தண்ணீரில் விழுந்த ஆளைத் தேடுவது என்றால் தண்ணீரை இறைப்பதுதான். பல வருடங்களுக்கு முன் அக்காவின் தோட்டத்துக்கு அடுத்த கிணற்றில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் தவறி விழுந்துவிட்டார். அக்கம்பக்கத்து மோட்டார்களையெல்லாம் கொண்டுவந்து இறக்கி, இரவும் பகலும் இறைத்தார்கள். நீர்மட்டம் இறங்க இறங்க, பாறை இடுக்கில் முதலில் ஒரு கை தெரிந்தது. செய்தியை அனுப்பியவன் நான். மோட்டார் கொடுத்தவர்களில் அக்காவும் ஒருத்தி.

"யாரும் எறைக்கலக்கா. இங்க கடலு தினமும் ரெண்டு தடவ உள்ள போகும், ரெண்டு தடவ வெளிய வரும்."

"ராமேஸ்வரத்துல போகலையே?"

"அங்க கொஞ்சமா எறங்கும். நமக்குத் தெரியாது."

"இது எப்பத் திரும்பி வரும்?"

"பத்து மணிக்கு மேல வர ஆரம்பிச்சுரும்னு கீழ சொன்னாக."

"அப்ப அதுக்குள்ள பாத்துருவோம். கெளம்பு."

நான் கோட்டை மாட்டுவதற்குள் அக்கா வாசலுக்குப் போய்விட்டாள். சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு, காலில் ரப்பர் செருப்பு, அப்படியே இறங்கிவிட்டாள். செருப்பு சேற்றில் ஒட்டிக்கொண்டதும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். குனிந்து, நின்று, பாசி படிந்த மரக்கட்டைகளைப் புரட்டிப் பார்த்து, களை எடுக்கும்போது நடப்பதுபோல ஒழுங்காக வரிசை பிடித்து நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

சற்றுத் தள்ளி ஒரு பெண் குனிந்து சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். மஞ்சள் மழைக்கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் நான்கு முள் கொண்ட கவை, பக்கத்தில் தகர வாளி.

"அந்தப் பொம்பளயும் தேடுது பாரு" என்றாள் அக்கா. "அவளுக்கு யாரு போனதோ."

"அது புழு தோண்டுதுக்கா. தூண்டிலுக்கு."

"போடா. புழுவுக்கா இந்தக் குளிருல வந்து சாகுவாக?"

அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு ஒற்றைக் கையுறையும் கயிற்றுத் துண்டுகளும் கிடந்தன. தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் மேலே ஏறிவிட்டோம்.

பகலில் துறைமுக அதிகாரி ஒருவர் வந்தார். வரைபடத்தை விரித்து, கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி விரலை வைத்தார். உடல் எங்கே ஒதுங்கும், ஒதுங்குமா என்று சொல்ல முடியாது என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அக்கா அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது காயிதம். எடத்தக் காட்டச் சொல்லு."

வானிலை சரியானால் படகில் அழைத்துப்போவதாகச் சொன்னார். நாங்கள் இருந்தவரை வானிலை சரியாகவில்லை. பெட்டியை ஒப்படைத்துவிட்டுப் போனார். அக்கா அதைத் திறக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். "அவன் வந்து தெறப்பான்" என்றாள்.

விடுதி சாப்பாட்டில் சுட்ட ரொட்டியும், தக்காளிச் சாற்றில் வெந்த அவரைக்கொட்டையும் வைத்தார்கள். வாயில் வைத்ததும் அக்கா என்னைப் பார்த்தாள். "கொட்டைக்குச் சீனி போட்டுருக்காகடா. இதெல்லாம் ஒரு வெஞ்சனமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, "இதத் தின்னுதான் போன தடவ அம்புட்டு எளச்சு வந்தானா" என்றாள்.

இரண்டாம் நாள் நாங்கள் சேற்றில் இறங்கும்போது மஞ்சள் கோட்டுக்காரி சுவரோரப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு ஜோடி பூட்ஸ். அக்காவின் வெறுங்காலைக் காட்டி, அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அக்காவுக்கு ரொம்பப் பெரிது. போட்டுக்கொண்டாள். என்ன தேடுகிறீர்கள் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். அக்காவின் மகனை என்றேன். கப்பலில் இருந்து காணாமல் போனதைச் சொன்னேன்.

இப்படிச் சொன்னால் மனிதர்கள் முகத்தில் என்ன மாறும் என்று எனக்குப் பழக்கம் உண்டு. அந்த முகம் மாறவில்லை. வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. கடல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் என்ன உடுத்தியிருந்தான் என்று அக்காவிடம் கேட்கச் சொன்னாள்.

நான் கேட்டேன். இரண்டு மாதத்தில் இதை அக்காவிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"நீலக் கலருல மேலயும் கீழயும் ஒண்ணா தச்ச உடுப்பு. வேலைக்குப் போடுறது. போட்டாவுல அனுப்பியிருந்தான்" என்றாள். பிறகு தன் வலது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். "இங்க கருப்புக் கயிறு. நாந்தான் கட்டிவிட்டேன்."

அந்தப் பெண் தலையாட்டினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தாள். சேற்றுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்கள், மிதப்பவை வந்து தட்டி நிற்கும் பழைய மரத் தூண்களின் வரிசை என்று ஒவ்வோர் இடமாகக் கூட்டிப்போனாள். அன்று அவள் புழு தோண்டியதாக எனக்கு நினைவில்லை. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே போனார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மூடுபனி. எதிர்ச் சாரி வீடுகள்கூடத் தெரியவில்லை. படகு விஷயமாக அதிகாரியிடமிருந்து போன் வந்து, நான் கீழே வரவேற்பறையில் பேசிக்கொண்டிருந்தேன். மேலே போனபோது அக்கா இல்லை. பூட்ஸும் இல்லை.

சுவரோரப் படிக்கட்டுக்கு ஓடினேன். சேற்றில் அவள் கால் தடம் கொஞ்ச தூரம் போய், பனிக்குள் மறைந்தது. தண்ணீர் திரும்பும் நேரம் நெருங்கிவிட்டிருந்தது. கூப்பிட்டேன். என் குரலே எனக்குக் கேட்டது. இறங்கி நடந்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் சுவரைக் காணோம். அதற்கு மேல் போனால் நானும் தொலைவேன் என்று புரிந்தது. அங்கேயே நின்று கத்தினேன். பதில் இல்லை. சேற்றின் ஓட்டைகளில் நீர் கொப்பளிக்கும் சிறு சத்தம் மட்டும் எல்லாப் பக்கமும் கேட்டது.

அப்போது தகரம் தட்டும் ஓசை வந்தது. கரைப் பக்கமிருந்து அல்ல, கடல் பக்கமிருந்து. நிதானமாக, விடாமல். கொஞ்ச நேரத்தில் அது நின்றது. நின்ற அந்த இடைவெளியில் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத முடியவில்லை.

பனிக்குள்ளிருந்து முதலில் மஞ்சள் நிறம் தெரிந்தது. பிறகு இரண்டு உருவங்கள். அக்காவின் புஜத்தைப் பிடித்து அந்தப் பெண் இழுத்துவந்தாள். இருவருக்கும் தொடை வரை நனைந்திருந்தது. அக்கா நின்ற மேட்டுக்குப் பின்னால் இருந்த வாய்க்கால் நிரம்பிவிட்டிருக்கிறது. அக்கா அழைத்த குரல் கேட்டு, வழி சொல்ல மொழி இல்லாததால், கவையால் வாளியைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறாள் அந்தப் பெண். அக்கா ஓசையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

படிக்கட்டில் உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றினோம். உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. அந்தப் பெண் கீழ்ப்படியில் உட்கார்ந்து அக்காவின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்தாள். அக்கா தன் கால்களை, யாருடையவையோ போலப் பார்த்தாள்.

"முன்னாடி இருந்து வரலடா தம்பி. பின்னாடி இருந்து வந்துச்சு. சத்தமே இல்ல" என்றாள். "செத்த நேரந்தான் நின்னேன். முட்டியளவு தண்ணிதான். காலு எங்க வச்சிருக்கேன்னே தெரியல. ஒரு எட்டு எடுத்து வைக்க ஏலல."

பனியில் ஒன்றும் தெரியாத அந்தப் பக்கம் பார்த்தாள்.

"இது நம்ம கெணத்துத் தண்ணி இல்லலே. நீச்ச தெரிஞ்சு என்ன செய்ய?"

அவள் அழவில்லை. என்ன சொன்னாள் என்று அந்தப் பெண் கேட்டாள். சொன்னேன். அவள் அடுத்த பாதத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

அறைக்கு வந்ததும் அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். திறந்தாள். சட்டைகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, மகனுடைய தடித்த கம்பளிக் காலுறைகளை எடுத்துத் தன் காலில் மாட்டிக்கொண்டாள். பிறகு ஊருக்குப் போன் போடச் சொன்னாள்.

ஊரில் அப்போது மாலை ஏழு மணி இருக்கும். மருமகள் கடையில் இருந்தாள். பின்னால் ஆட்களின் பேச்சுக்குரல்.

"தாயி, நாந்தான். சாப்டியா?"

சாப்பிட்டதாகச் சொன்னாள்.

"அவன் வரமாட்டான் தாயி."

கடைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நான் ஒனக்குப் பூ வச்சுவிட மாட்டேன். நீயா வச்சாலும் சரி, வைக்காட்டியும் சரி, ஒன் இஷ்டம். எவளாச்சும் வாயத் தொறந்தா எங்கத்தைகிட்ட வந்து கேளுன்னு சொல்லு. நான் பேசிக்கிறேன்."

கிளம்பும் நாள் காலை பூட்ஸைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனோம். அந்தப் பெண் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள், "அவ தேடுறதாவது அவளுக்குக் கெடைக்கணும்னு சொல்லுடா." அப்படியே மொழிபெயர்த்தேன். அவள் வாளியைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். நன்றி என்றாள். விளையாட்டாகச் சொன்ன நன்றி இல்லை அது.

ஊர் திரும்பியதும் கிணற்றடியில் காரியம் நடந்தது.

'உடல் கிடைக்கவில்லை' என்று எத்தனையோ செய்திகளுக்குக் கடைசி வரி எழுதியிருக்கிறேன். அந்த வரிக்குப் பிறகுதான் ஒரு வீட்டில் எல்லாமே தொடங்குகிறது என்பதை, வற்றிய அந்தக் கடலில் அக்காவின் பின்னால் நடந்த மூன்று நாட்களில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த பூட்ஸ் இப்போது தோட்டத்து மோட்டார் ரூமில் இருக்கிறது. முன்பக்கம் பழைய துணியைத் திணித்து, அக்கா அதைப் போட்டுக்கொண்டுதான் மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாள்.