தாளுக்கு அடியில் ஒரு முடி

தொண்ணூறுகளின் பிற்பாதியில், தி.நகரில் ஒரு மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிசியோதெரபிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். விளிம்பு மழுங்கிய எஃகுத் தகட்டால் தோலை மெல்ல நீவி, அடியில் இறுகிப்போன தசையையும் தழும்பையும் இளக்கும் வைத்தியம். வந்தவர்கள் எல்லாம் நன்றாகப் படித்தவர்கள்தான். ஆனால் கையில் தகட்டைக் கொடுத்ததும் தேங்காய் துருவ ஆரம்பித்துவிடுவார்கள். "அது தோள்பட்டைய்யா, துவையலுக்கா துருவறே?" என்று கத்துவேன். எனக்குப் பொறுமை குறைச்சல்.

அதனால் முதல் நாள் யார் உடம்பிலும் கைவைக்க விடமாட்டேன். மேஜையில் ஒரு நீளமான தலைமுடியை வைத்து, மேலே பழுப்புத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவேன். தகட்டைத் தாளின்மேல் ஓட்டி, முடி எங்கே கிடக்கிறதென்று சொல்ல வேண்டும். அழுத்தினால் தெரியாது. கை லேசானால்தான் ஒரு சின்னத் தடங்கல் விரலுக்கு வரும்.

அந்த முடி என் மனைவியுடையது. பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். வகுப்புக்குக் கிளம்பும்போது சீப்பிலிருந்து ஒன்றிரண்டு இழை உருவிக் கொடுப்பாள். "பொம்மனாட்டி தலைமயிரை வெளியில குடுக்கப்படாதும்பா. யாராவது வசியம் வெச்சா உங்களைத்தான் கேப்பேன்" என்று சிரிப்பாள். தகட்டுக்கு அவள் வைத்த பெயர் தோசைத்திருப்பி.

அப்புறம் அவளுக்கு மார்பில் புற்று என்றார்கள். அறுவை சிகிச்சை, கதிர் வைத்தியம் எல்லாம் ஆனபின் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அக்குளில் தழும்பு கயிறு மாதிரி இழுத்துப் பிடித்திருந்தது. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான், தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள வேண்டும். டாக்டர் சொன்ன பயிற்சிப்படி சுவரில் விரல்களை ஊரவிட்டுக் கையை ஏற்றிக்கொண்டே இருப்பாள். காலண்டர் மாட்டிய ஆணியைத் தொட்டால் பின்னிக்கொள்ளலாம் என்று அவளாகவே ஒரு கணக்கு.

"ஏன்னா, ஊர்ல இருக்கறவா கையையெல்லாம் தூக்க வைக்கறேள். அந்தத் தோசைத்திருப்பியை எனக்கும் ஒரு தரம் போட்டுப் பாருங்கோளேன்" என்றாள் ஒரு நாள்.

புற்று இருந்த இடத்தில் தகடு படக்கூடாது. ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். திருப்பிச் சொல்லத் தெரியாதவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறேன். ஆனாலும் அவளுடைய சர்ஜனிடம் போய்க் கேட்டேன். "நீங்களே இப்படிக் கேக்கலாமா?" என்றார். வீட்டுக்கு வந்து, முடியாது என்றேன். அவள் சுவரண்டை போய் நின்றுகொண்டாள். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வித்தைதான். அது அவளுக்கு ஆகாது என்றானபோது என் இரண்டு கைகளையும் வெறுத்தேன்.

பின்னல் என் வேலையானது. "தேர்வடம் மாதிரி முறுக்கறேள்" என்று திட்டு வாங்கிக்கொண்டே பின்னுவேன். கொஞ்ச நாளில் புற்று திரும்பி வந்துவிட்டதென்று மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. அடுத்த வகுப்பன்று தலையில் துண்டோடு வாசல்வரை வந்து, "இன்னிக்கு முடிக்கு என்ன பண்ணுவேள்?" என்றாள். நூல் போதும் என்றேன். "நூலா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அத்தனை வைத்தியத்திலும் நான் பார்க்க அவள் அழுதது அன்றுதான்.

அறுபத்துமூவர் உற்சவத்துக்கு முன்பே போய்விட்டாள். கை அந்த ஆணிவரை எட்டவேயில்லை.

வீட்டில் இருக்க முடியாமல் மறுபடி வகுப்பெடுக்கப் போனேன். அதே பழைய தாள்கள், அடியில் கறுப்பு நூல். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தகட்டை ஓட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"சார், இங்க ரெண்டு இருக்கு."

"ஒண்ணுதான். ஒழுங்காப் பாரும்மா" என்று எரிந்து விழுந்தேன்.

"இல்ல சார், ரெண்டு. இது நூலவிட மெல்லிசு."

தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு தாளின் அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏதோ பழைய பேட்ச்ல விட்டது சார்" என்று இரண்டு விரலால் எடுத்து உதறினாள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"தேடுங்க" என்றேன். "எல்லாரும் அந்த முடியைத் தேடுங்க."

அதுவும் ஒரு பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் மண்டியிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே அழுத்தாமல், மொசைக் தரையை உள்ளங்கையால் தடவினார்கள். நானும் தடவினேன். வாட்ச்மேன் ஹாலைப் பூட்ட வரும்வரை கிடைக்கவில்லை.