அம்மாவின் குரலில் ஒரு கவிதை

காவியப் பெண்களின் குரலில் சில ஆண்டுகளாகக் கவிதை எழுதி வருகிறேன். சாபத்தால் கல்லாய்க் கிடந்தவள், காட்டுக்குப் போன கணவனுக்காக அரண்மனையில் காத்திருந்தவள், சபையில் நீதி கேட்டவள் என்று ஒவ்வொருத்தியும் தன் கதையைத் தானே சொல்வாள். காவியத்தில் வரும் வரிசையிலேயே எழுதுவேன். ஒருத்தியை முடிக்காமல் அடுத்தவளைத் தொடுவதில்லை. முதலில் அம்மாவுக்குத்தான் வாசித்துக் காட்டுவேன். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பார்.

ஒருநாள் கேட்டார்: "எல்லா ராணிக்கும் எழுதிட்ட. எனக்கு எப்ப எழுதப் போற?"

"எழுதுறேம்மா. இவங்க முடியட்டும். வரிசைன்னு ஒன்னு இருக்குல்ல?"

"ஆமா, நல்ல வரிசை. நான் பெரட்டுக்குப் பிந்தி வந்தவ மாதிரி நிக்கிறேன். வேல இல்ல, வீட்டுக்குப் போன்னு சொல்லிறாதீங்க, கண்டாக்கையா!"

காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்குத் தாமதித்தவர்களைக் கண்டாக்கு என்னும் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவது தோட்டத்து வழக்கம். இருவரும் சிரித்தோம். நான் அடுத்த ராணிக்குப் போனேன்.

கடந்த மழைக்காலத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது விளங்குகிறது. ஆமென்றால் கண்ணை மூடுவார். இல்லையென்றால் இடது கையை அசைப்பார்.

அதன் பிறகுதான் அம்மாவின் குரலில் எழுதினேன். மழை, அட்டைக்கடி, கூடையின் கனம், அப்பா இறந்த பிறகு பட்ட பாடு எல்லாம் வந்தன. கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தேன். முடியும் முன்பே கை அசைந்தது.

கவிதையிலிருந்து அட்டையை எடுத்தேன். மழையை எடுத்தேன். அப்பாவையும் எடுத்துவிட்டு மறுபடி வாசித்தேன். கை அசைந்தது.

"ரொம்ப அழுகையா இருக்காம்மா?"

கண்ணை மூடினார். சற்று நேரம் மூடியே வைத்திருந்தார்.

என் ராணிகள் எல்லோரும் அழுதவர்கள். அம்மாவையும் அவர்களோடு உட்கார வைத்துவிட்டேன். அம்மா மலையில் நின்றால் சிரிப்புச் சத்தம் ரோட்டுக்குக் கேட்கும் என்பார் கூடவே கொழுந்து பறித்த பக்கத்து வீட்டு அக்கா. அப்படி எதற்குச் சிரித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"அது எங்க ஞாபகம் இருக்கு? உங்கம்மா ஏதாச்சும் சொல்லும், நாங்க சிரிப்போம். அது சொன்னாத்தான் சிரிப்பு வரும். நான் சொன்னா உனக்குக் கொட்டாவிதான் வரும்."

அம்மாவிடமே போய்க் கேட்டேன்: "மலையில என்னதாம்மா சொல்லுவீங்க?"

வாய் ஒரு பக்கமாகக் கோணி அசைந்தது. காத்திருந்தேன். கண் மூடவில்லை, கையும் அசையவில்லை. நான் கேட்டது ஆமென்றோ இல்லையென்றோ பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல.